ஒளிராத செல்கள்

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் மெல்லிய சவ்வு உண்டு. அதில் ஒரு கொழுப்பு இருக்கிறது. செல் நன்றாக இருக்கும்வரை உள்பக்கமே இருக்கும். சாகப்போகும்போதுதான் வெளியே வரும். அப்படி வெளியே வந்த கொழுப்பில் மட்டும் ஒட்டிக்கொண்டு பச்சையாக ஒளிரும் பெப்டைடு, அதாவது குட்டிப் புரதத்துண்டு, ஒன்றைச் செய்வதிலேயே என் ஆராய்ச்சிக் காலம் கரைந்துகொண்டிருந்தது.

திண்டிவனத்தில் எங்கள் ஆய்வகத்தில் அதைப் பார்க்கும் மைக்ராஸ்கோப் கிடையாது. விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் ஒரு காலை நேரம் மட்டும் தருவதாகச் சொன்னார்கள். அன்றும் சரிவராவிட்டால் வேறு தலைப்பு பார்க்கச் சொல்லிவிட்டார் என் கைடு.

பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்ததே பெரிது. பெப்டைடு இருந்த ஐஸ் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். ஆய்வகத்தில் வளர்த்த செல்கள் இருந்த பையை, நிற்பவர்கள் எல்லோரும் செய்வதுபோல, உட்கார்ந்திருந்த ஓர் அக்காவிடம் கொடுத்தேன். அவர் மடியில் ஏற்கெனவே குழந்தை. இறங்கும்போதுதான் பார்த்தேன், பை எஞ்சின் மூடிமேல் இருந்தது.

“பத்தரமா பாத்துக்கினு வந்தேன்மா” என்றார். பையின் அடி சுட்டது. ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கல்லூரியில் எனக்கு முன்பே வந்து காத்திருந்தார் கைடு. மருந்து கொடுத்துச் சாகவைத்த செல்களை முதலில் பார்த்தோம். ஜெகஜ்ஜோதி. அடுத்து நல்ல செல்கள். அவையும் ஜெகஜ்ஜோதி.

“இது எது மேல வேணாலும் ஒட்டுதும்மா. விட்டுடலாம்” என்றார் கைடு.

 பை சூடானதைச் சொன்னேன். நல்ல செல்களும் வெந்து சாகத் தொடங்கியிருக்கும், பெப்டைடு பொய் சொல்லவில்லை என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவர் நினைப்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது.

“இன்னும் ஒரு சொட்டு இருக்குது சார். என் ரத்தத்துல பாத்துடலாம். அது நல்ல செல்லு, ஒளிரவே கூடாது.”

அவர் தன் சர்க்கரை பார்க்கும் கருவியைத் திறந்து, புது ஊசி ஒன்றை எடுத்து நீட்டினார்.

விரலில் குத்தினேன். துளி ரத்தத்தை உப்புக் கரைசலில் கலந்து, மிச்சமிருந்த பெப்டைடை விட்டேன். எங்களுக்கு அடுத்து வந்தவர்கள் கதவருகே நின்று கடிகாரத்தைப் பார்த்தார்கள். 

சாதாரண வெளிச்சத்தில் சிவப்பணுக்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. கைடு, பச்சை ஒளிர்வைக் காட்டும் நீல வெளிச்சத்துக்கு மாற்றிவிட்டுக் குனிந்தார். நெடுநேரம் நிமிரவேயில்லை.

“ஒண்ணுமே தெரியலைம்மா” என்றார். எழுந்து எனக்கு இடம் விட்டார்.

நானும் பார்த்தேன். கும்மிருட்டு. ஒரு புள்ளிகூட ஒளிரவில்லை. அத்தனை பேர் முன்னால் வாய்விட்டு அழுதேன்.