அப்பாவின் பெயரில் அம்மா பெற்ற ஞானஸ்நானம்

வாய்க்கால் துறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்: அம்மா, நான், எங்கள் ஊர்க் கோயிலில் பாதிரியாருக்கு உதவியாக ஜெபம் நடத்தும் உபதேசியார். பாதிரியார் இல்லை, அவருக்கு நாங்கள் சொல்லவில்லை. யாருக்காகக் கூடினோமோ அந்த அப்பாவும் இல்லை. அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மேட்டூர் திறந்து புதுத்தண்ணீர் வந்திருந்த காலை அது. உபதேசியார் வெண்கலக் கிண்ணத்தில் தண்ணீர் மொண்டு, அம்மாவின் தலையில் மூன்று தரம் ஊற்றினார். அவர் சொன்ன பெயர் அம்மாவுடையது அல்ல, அப்பாவுடையது.

கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் தெருவே அறுப்புக்கு இறங்காத வருஷத்தில் அப்பா செத்தார். கோட்டையில் புது ஆட்சி வந்திருந்தது; வயலில் பழைய ஆட்சிதான். பண்ணை வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. வரப்பில் மறித்து நின்ற அப்பாவின் மண்டையில் தடி விழுந்தது. அம்மாவும் நானும் கோயிலுக்குப் போகிறவர்கள். அப்பா ஞானஸ்நானம் பெறாதவர். "பாதிரியார் பண்ணை வீட்டுல காப்பி குடிக்கிறத நிறுத்தட்டும், மறுநாளே வந்து தலையக் காட்டுறேன்" என்பார். சாகக் கிடப்பவருக்கு மட்டும் உபதேசியாரே ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்கள் சபை வழக்கம். அன்று அவர் கிண்ணத்தோடு ஓடி வந்தார். அப்பாவுக்குக் கண் திறந்திருந்தது, பேச்சில்லை. சம்மதம் சொல்லாதவர் தலையில் எப்படி ஊற்றுவது என்று தயங்கி, பாதிரியாரைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். ஆள் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்றார்கள். வாய்க்கால் கரையில் புதைத்தோம். அதன்பிறகு அம்மா நடவு நடும்போதும் சோறு வடிக்கும்போதும் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நான் போற எடத்துக்கு அவரு வரமாட்டாராமே."

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். தஞ்சாவூரில் கல்லூரி நூலகத்தில் ஒரு ஆங்கிலப் புத்தகம் கையில் கிடைத்தது. அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபையாரின் நம்பிக்கைகளை ஆதிக் கிறிஸ்தவர்களோடும் ஞானவாதிகளோடும் ஒப்பிட்டு எழுதியது. மார்மன்களில், செத்தவர்களுக்காக உயிரோடிருப்பவர்கள் ஞானஸ்நானத் தண்ணீரில் முழுகுகிறார்கள். செத்தவர் அங்கே அதை ஏற்கலாம், மறுக்கலாம். ஏற்றால் புருஷனும் பெண்சாதியும் பிரிய வேண்டியதில்லை. பவுலின் நிருபத்திலும் மரித்தவர்களுக்காக ஞானஸ்நானம் பெறுகிறவர்களைப் பற்றி ஒரு வரி உண்டு. ஞானவாதிகளோ, மறைவான அறிவைப் பெற்றவனுக்கே மீட்பு என்றவர்கள். ஆத்துமா மேலே போகும்போது ஒவ்வொரு வாசலிலும் காவல் நிற்பவனுக்குச் சரியான வார்த்தையைச் சொல்ல வேண்டுமாம். நோட்டில் மூன்று பத்தியாகக் கோடு கிழித்து எல்லாவற்றையும் எழுதினேன். என் படிப்பு முதல்தடவையாக வீட்டுக்கு உதவப்போகிறது என்ற மிதப்பு எனக்கு.

லீவில் வந்து அம்மாவுக்கும் உபதேசியாருக்கும் படித்துக் காட்டினேன். "அங்கயும் வாசல்ல ஆள் நிக்கிறானா? பண்ணை வீடு மாதிரில்ல இருக்கு" என்றாள் அம்மா. உபதேசியார் சிரிக்கவில்லை.

"அறிஞ்சவன்தான் கரையேறுவான்னா உங்கம்மா கதி என்ன தம்பி?" என்று ஞானவாதிகளைத் தள்ளிவிட்டார். மார்மன் பத்தியை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னார். செத்தவர் அங்கே ஏற்கலாம் என்ற இடம் வந்ததும் நிறுத்தினார். "அப்ப அவரு சம்மதத்த அங்க கேட்டுக்கலாம்" என்றார் மெதுவாக. அன்றைக்குக் கிண்ணத்தோடு தயங்கி நின்றதை அவர் ஒரு நாளும் மறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

செத்தவர்களுக்காக முழுகும் அந்த வழக்கத்தை ஆதிச் சபையே பிறகு தவறென்று விலக்கிவிட்டது, பவுலின் வரிக்குப் பொருள் என்ன என்று இன்றும் வாதம் நடக்கிறது என்றெல்லாம் அடுத்த பக்கத்தில் இருந்தது. நான் அதையும் வாசித்திருந்தேன். நோட்டில் எழுதவில்லை.

அம்மா தலையில் தண்ணீர் ஊற்றியதைத் துறைக்குத் துவைக்க வந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். அடுத்த வாரமே பாதிரியார் மூன்று பேரையும் கூப்பிட்டு, இந்த உபதேசம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். "நான்தான் படிச்சேன்" என்றார் உபதேசியார். அவருக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது. பாதிரியாருக்கும் அது தெரியும். அவர் என்னைப் பார்த்தார். என் உபகாரச் சம்பளத் தாளில் அவர் கையெழுத்து வேண்டியிருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

உபதேசியாரை ஊழியத்திலிருந்து நீக்கினார்கள், அம்மாவுக்கு இனித் திருவிருந்து கிடையாது என்றார்கள். உபதேசியார் முத்துப்பேட்டையில் இருந்த மகள் வீட்டுக்குப் போனார். பஸ் ஏறும்போது, "பரீட்சைய விட்டுடாதீங்க தம்பி" என்றார். அவ்வளவுதான்.

இப்போது நான் குடவாசலில் அரசாங்க வேலையில் இருக்கிறேன். அப்பா அங்கே சம்மதம் சொன்னாரா, இல்லை அங்கேயும் காப்பி விஷயத்தைத்தான் கேட்டாரா என்று யோசிப்பதுண்டு. போன தை மாதம் அம்மா செத்தாள். கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றார்கள். கரையில், அப்பா பக்கத்திலேயே புதைத்தேன். அவள் கேட்டது அதுதானே என்று சொல்லித் தேற்றிக்கொள்ளப் பார்க்கிறேன், முடியவில்லை.

ஆக, ஆன செலவு இதுதான். உபதேசியாருக்கு இருபது வருஷ ஊழியமும் குடியிருந்த வீடும். அம்மாவுக்கு ஆறு வருஷத் திருவிருந்தும் கல்லறைத் தோட்டத்தில் ஆறடியும். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைகூட இந்த ஊர்க் கோயிலில் முதல் வரிசையில் முழங்காலிட்டு அப்பத்தை வாங்கிக்கொண்டேன்.