பழனியும் ஜூ யானையும்

மூன்று நாள் லீவு, நண்பர்கள் நால்வர், ஒரு கார். வழியில் எந்த மிருகக்காட்சி சாலையையும் மீன் காட்சியகத்தையும் விடக்கூடாது என்று திட்டம். இன்று மைசூர்.

எங்களில் பழனிக்கு ஹனூர் பக்கம் மக்காச்சோளக் காடு. அடிக்கடி யானை இறங்கிவிடும். தகரத்தைத் தட்டி விரட்டுவதே அவனுக்குப் பாதி விவசாயம்.

ஜூவில் யானைக்கு முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தோம். அது லேசாகப் பிளிறியதுதான் தாமதம், பழனி தன் ஸ்டீல் பாட்டிலைக் கம்பியில் டங் டங்கென்று தட்டி, "ஓய்! போ! போ!" என்று கத்தினான்.

யானை அசையவில்லை. பக்கத்தில் நின்ற கூட்டம்தான் பத்தடி பின்னால் போனது.

காவலர் ஓடி வந்து கன்னடம் கலந்த தமிழில் அதட்டினார். "ஏனப்பா இது! பிராணிங்களுக்குத் தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கோமே, பாக்கலையா?"

பழனி அசரவில்லை. "மனுசங்களுக்குத் தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னு எங்க காட்டுலயும் ஒரு போர்டு வெச்சுத் தாங்கண்ணா. எங்கூரு ஆனைக படிச்சுப் பாக்கட்டும்."

காவலர் சிரித்துவிட்டார். தப்பித்தோம்.

இப்போது மீன் காட்சியகத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். மீன்களோடு பழனிக்கு முன்பகை ஏதாவது உண்டா? தெரிந்தவர்கள் உடனே சொல்லவும். அங்கே எல்லாமே கண்ணாடி.