பொறுப்பாளர் கையொப்பம்

புஸ்பராணி ரீச்சரின் கையெழுத்து வடிவானது. அந்த வடிவுதான் அவளைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது என்று புருஷன் யோகலிங்கம் சொல்லாத நாளில்லை. அதில் பாதி பகிடி, பாதி வயிற்றெரிச்சல்.

தொண்ணூற்று நான்கில் தொடங்கிய கதை இது. அன்புவழிபுரத்தில் வீடு, திருகோணமலைப் பட்டினத்தில் ஓர் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புக்குப் படிப்பிக்கிற வேலை. பிள்ளை குட்டி இல்லை. சனிக்கிழமைகளில் சும்மா இருக்கப் பிடிக்காமல் கரையோர நலன்புரிச் சங்கம் என்ற சின்னச் சங்கத்தில் தொண்டராகச் சேர்ந்தாள். வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், மூதூரிலும் கட்டைபறிச்சானிலும், பெரிய ஆஸ்பத்திரிக்கு வர வழியில்லாத நோயாளிகள் இருந்தார்கள். தரைப்பாதையால் வந்தால் சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி ஏறியே பொழுது போய்விடும். பயணிகள் வள்ளத்தில் கடும் நோயாளிகளை ஏற்றமாட்டார்கள். அதனால் சங்கம் சனிக்கிழமைகளில் ஓர் என்ஜின் வள்ளத்தை அமர்த்தி அவர்களைப் பட்டினத்துக்குக் கொண்டுவந்தது.

வள்ளம் வெளிக்கிடச் சாவடிக்கு ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். பெயர், அடையாள அட்டை இலக்கம், என்ன வருத்தம். அடியில் பொறுப்பாளர் கையொப்பம். ஏழு பேர் வந்தால் ஏழு பேரும் திரும்ப வேண்டும், எட்டாவது ஆள் இடையில் நுழையக்கூடாது. பொறுப்பு என்றால் அவ்வளவுதான் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். யுத்த காலத்தில் சனத்தின் பயமெல்லாம் ஆள்மாறாட்டத்தைப் பற்றித்தான். ஒருவர் வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்க ஒருவருக்கும் புத்தி போகவில்லை.

முறைப்படி அது சங்கத் தலைவர் சோமசேகரம் போட வேண்டிய கையொப்பம். அவருக்கு விடியப்புறம் எழும்பப் பஞ்சி. “ரீச்சர், உங்கட எழுத்துத்தானே வடிவு, நீங்களே போட்டுவிடுங்கோ” என்றார். போட்டாள். இரண்டு வருஷம் போட்டாள். சாவடியில் அந்த ஒரு கையொப்பத்தைத்தான் தெரியும் என்ற அளவுக்கு வந்துவிட்டது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு மார்கழியில் ஒரு சனிக்கிழமை. மூதூர் ஜமால்தீனுக்கு இழுப்பு வருத்தம். மகள் ஸாலிஹாவும் கூட வந்தாள். காற்றுக்கு வள்ளம் நிலைகொள்ளவில்லை. இறங்குதுறையில், காலூன்றக்கூடிய எவரும் சோதனைக் கொட்டிலுக்கு நடந்துதான் போக வேண்டும். மனுசன் மூச்சு வாங்கிக்கொண்டு, “கொஞ்சம் பொறுங்க மகள், இரிந்திட்டு எறங்கிறன்” என்றார். மேலே கொட்டிலில் இருந்து கெதியாக வரச்சொல்லிச் சத்தம் போட்டார்கள். பின்னால் ஆறு பேர் காத்திருந்தார்கள்.

“இறங்குங்கோ காக்கா, நான் பிடிக்கிறன்” என்று புஸ்பராணி கையைக் கொடுத்தாள். அவர் ஒரு காலைத் துறையில் வைக்கவும் வள்ளம் விலகவும் சரியாக இருந்தது. தலை கொங்கிறீற்றில் அடிபட்டுத் தண்ணீருக்குள் விழுந்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் மௌத்தானார்.

சவூதியில் இருந்து ஓடிவந்த மூத்த மகன் வாப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்கக் கிடைக்காத ஆத்திரத்தில் பொலிசுக்குப் போனான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொலிசார் பட்டியலை எடுத்தார்கள். அடியில் ஒரேயொரு பெயர், முத்து முத்தான எழுத்தில். கவனயீனத்தால் மரணம் விளைவித்ததாக வழக்கு எழுதினார்கள். குற்றவாளி என்று தீர்ப்பு வந்தால் மறியலுக்குப் போகிறாளோ இல்லையோ, வேலை போய்விடும்.

பிணையில் வந்த அன்றே சோமசேகரத்திடம் போனாள். கதிரையை இழுத்துப் போட்டு இருத்தினார், மரியாதைக்குக் குறைவில்லை.

“எங்கட உத்தியோகத்தர் எண்டால் சங்கம் வழக்காடும் ரீச்சர். நீங்கள் தொண்டரெல்லோ. தொண்டருக்கெண்டு எங்கட யாப்பில ஒரு வரியும் இல்லை.”

“நீங்கள் சொல்லித்தானே ஐயா நான் கையெழுத்துப் போட்டனான்?”

“அதைச் சொன்னால் சங்கத்தை இழுத்து மூடிப்போடுவாங்கள். நீங்கள் சுயவிருப்பில போனதெண்டு ஒரு கடிதம் தந்தீங்களெண்டால் எல்லாருக்கும் நல்லது.”

எல்லாருக்கும் நல்லதாம். அந்த எல்லாரிலும் அவள் ஒருத்தி மட்டும் இல்லை. கடிதம் கொடுக்காமல் எழும்பி வந்தாள், அந்த மட்டுக்கு ரோஷம் இருந்தது.

அவள் அமர்த்திய சட்டத்தரணி அம்மா இன்னும் வெளிப்படையாகக் கதைத்தார். “சம்பளத்துக்குப் போயிருந்தால் சம்பளம் குடுத்தவையையும் கூண்டில நிப்பாட்டலாம். நீங்கள் சும்மா போனபடியால் தனிய நிக்கிறீங்கள். தொண்டு செய்யிற ஆக்களுக்குப் பாதுகாப்பா வெளிநாடுகளில சட்டம் இருக்கெண்டு வாசிச்சனான். இங்க உங்களுக்குக் காட்ட என்னட்ட ஒண்டுமில்லை.”

பதினாலு மாதம் தவணை தவணையாக அலைந்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் வர மற்ற ரீச்சர்மார் கதையை நிறுத்தினார்கள். சாப்பாடு இறங்கவில்லை, நித்திரை இல்லை. வகுப்பில் ஒரு பிள்ளை கதிரையில் ஏறினால் விழுந்துவிடும் என்று அவள் போடும் கூச்சலில் பிள்ளை அழும். சனிக்கிழமை வள்ளம் அந்த வழக்கோடு நின்றுபோனது. பட்டியலில் பெயர் வைக்க ஒரு குருவியும் இல்லை.

அவளைக் காப்பாற்றியது ஸாலிஹாதான். மூத்தவர், சொந்தக் காக்கா, வைத்த வழக்கில் அவருக்கு எதிராகவே சாட்சிக் கூண்டில் ஏறினாள்.

“ரீச்சர் வாப்பாவத் தள்ளல்ல. புடிச்சாங்க. புடிச்ச கைய விடாமத் தண்ணிக்குள்ள அவங்களும் விழுந்தாங்க. அவங்கட கையில இப்பயும் காயத் தழும்பு இரிக்கி, பாருங்க.”

நீதவான் பார்த்தார். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விடுவித்தார். வெளியில் வந்து புஸ்பராணி அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடித்து விக்கி விக்கி அழுதாள். “சாகும்வரைக்கும் மறக்கமாட்டன் ஸாலிஹா, என்ன தேவையெண்டாலும் வாங்கோ” என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

நான்கு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஸாலிஹா வந்தாள். பயணிகள் வள்ளத்தில் தனியே வந்திருந்தாள்.

“உம்மாக்கு நெஞ்சில நோவு ரீச்சர். மூதூர் ஆசுபத்திரியில ஒடன டவுனுக்குக் கொண்டுபோகச் செல்லிட்டாங்க. ரோட்டால போனாத் தாங்கமாட்டா. நாளைக்கு வள்ளக்காரர் வாறாராம். பட்டியலில கையெழுத்துப் போட ஆள் வேணுமாம். சோமசேகரம் ஐயாட்டயும் போனன், கொமிட்டி கூடித்தான் முடிவு செல்லலாமாம்.”

துறையும், விலகிய வள்ளமும், பொலிஸ் நிலையத்து வாங்கில் இருந்த அந்த முழுநாளும் ஒன்றாகப் புஸ்பராணியின் கண்முன் வந்தன. குசினி வாசலில் யோகலிங்கம் வந்து நின்றார்.

ஸாலிஹா கைப்பையிலிருந்து ஒரு கொப்பித்தாளை எடுத்து நீட்டினாள். உம்மாவுக்கு என்ன நடந்தாலும் புஸ்பராணி ரீச்சர் பொறுப்பில்லை என்று எழுதி, குடும்பத்தில் எல்லாரும் ஒப்பமிட்டிருந்தார்கள். மூத்த மகனும் ஒப்பமிட்டிருந்தான்.

அப்படியொரு கடதாசியைப் பொலிஸ் ஒரு கணக்கிலும் எடுக்காது என்று புஸ்பராணிக்குத் தெரியும். இரண்டு தரம் வாசித்தாள்.

“ஏலாது ஸாலிஹா” என்றாள். “என்னால ஏலாது.”

“ஏலாட்டி என்ன செய்யிற ரீச்சர். நீங்க பட்டது எனக்குத் தெரியும்தானே” என்று ஸாலிஹா தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு எழும்பினாள். கோபித்துக்கொண்டு போயிருந்தால் புஸ்பராணி பிழைத்திருப்பாள்.

உம்மா செவ்வாய்க்கிழமை மௌத்தானார். இந்த மரணத்துக்கு விசாரணை நடக்கவில்லை, பொலிஸ் வரவில்லை, எவர்மேலும் வழக்கில்லை. எந்தப் பட்டியலிலும் எவருடைய பெயரும் இல்லையே, யாரைக் கேட்பார்கள்?

செய்தி வந்தபோது யோகலிங்கம், “நல்ல காலம், நீ கையெழுத்துப் போடேல்லை” என்றார்.

“போட்டிருந்தா அந்த மனுசி இண்டைக்கு உயிரோட வாட்டில கிடந்திருக்கும்” என்றாள் புஸ்பராணி.