நாலு பேச்சும் புத்தூர் பஸ்ஸும்

எங்கள் நாடக அரங்கு முன்பு புகையிலைக் கிட்டங்கியாக இருந்தது. நூறு பேர் இருந்து பார்க்கலாம். கதவு ஒன்றே ஒன்று, அதுவும் மேடைக்குப் பக்கத்தில். பழமையான கட்டடமாம், இன்னொரு கதவு வெட்டக்கூடாதாம். நாடகத்தின் நடுவில் எழும்பிப் போகிறவர் எல்லாருக்கும் முன்னால்தான் போகவேண்டும்.

திறப்பு நாள் நாடகத்தில் முக்கிய பாத்திரத்தை ஒரு மருந்துக்கடைப் பெண்ணுக்குக் கொடுத்திருந்தேன். புத்தூரிலிருந்து வந்து நடிக்கப் பழகினவள். இத்தனை வருடம் நாடகம் பழக்கியதில் அப்படியொரு குரலை நான் கேட்டதில்லை. அவள் நடிப்பது தாய்க்குத் துண்டறப் பிடிக்கவில்லை. "ஒருக்கா வந்து பாக்கிறன். பாத்திட்டுத்தான் நீ இனி நடிக்கிறதோ இல்லையோ எண்டு சொல்லுவன்" என்றுவிட்டார். சொன்னபடி வந்து முன்வரிசையில் இருந்தார்.

நாலு மணிக்கு நாடகம். பிரதம விருந்தினர் நாலரைக்குத்தான் வந்து இறங்கினார். விளக்கேற்றி, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, பிறகு பேச்சு. நாலு பேர். நாலு பேரும் ஒல்லாந்தர் இந்தக் கிட்டங்கியைக் கட்டின கதையையே சொன்னார்கள். அட, கட்டடம் எங்கே ஓடிவிடப் போகிறது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுருக்கச் சொல்லி ஒருவருக்குத் துண்டு எழுதிக் கொடுத்தேன். மனுசன் அதை வாசித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

நாடகம் தொடங்க ஆறு மணியாகிவிட்டது. அவள் மேடைக்கு வருவது மூன்றாம் காட்சியில். இரண்டாம் காட்சி நடக்கும்போதே தாய் எழும்பி, மேடைக்கு முன்னால் குனிந்தபடி கதவடிக்கு வந்தார். நான் அங்கேதான் நின்றேன்.

"தம்பி, கடைசி பஸ் போகப்போகுது. வீட்டிலை மனுசன் தனிய. எழும்பி நடக்க ஏலாத ஆள்."

"இன்னும் பத்து நிமிசம் அம்மா. பிள்ளை இப்ப வந்திடுவா. நான் ஓட்டோ பிடிச்சு விடுறன்."

"பொழுதுபட்டாப் பிறகு தெரியாத ஓட்டோவிலை நான் ஏறமாட்டன். நாலு மணி எண்டுதானே சொன்னனீங்கள்?"

அவர் போய்விட்டார். வேடம் கட்டி, திரையோரம் காத்துக்கொண்டு நின்ற மகள் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

ஆனாலும் நன்றாக நடித்தாள். சனம் எழும்பி நின்று கைதட்டியது. முடிந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். "உவங்கள் நாலு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால் அம்மா உன்னைப் பாத்திருப்பா."

அவள் முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அஞ்சு பேர் அண்ணை" என்றாள். "வரவேற்புரை எண்டு நீங்களும் இருபது நிமிசம் கதைச்சனீங்கள்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. "அடுத்த நாடகத்துக்கு நானே வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்றேன்.

"ஒருக்கா எண்டுதானே அண்ணை வந்தவ" என்றாள்.