பலகைக்கு அடியில் சுண்ணாம்பு

உக்கிரபாண்டிக்கு ஜீப்பு ஓட்டத் தெரியும், ஜீப்பு வாங்கத் தெரியாது என்று ராசிங்காபுரத்தில் பிற்பாடு பேசிக்கொண்டார்கள். பேசியவர்களில் பாதிப் பேர் ஒரு மாட்டைக்கூட உருப்படியாக வாங்கியவர்கள் இல்லை. ஆனாலும் அவர்கள் சொன்னதை அடியோடு தள்ளிவிடவும் முடியாது.

போடியிலிருந்து மலைக்குக் கூலியாட்களை ஏற்றிப்போகும் ஜீப்புகளில் கிளீனராகச் சேர்ந்து டிரைவரானவன் அவன். அடுத்தவன் வண்டியை ஓட்டியே தலையில் நரை விழுந்துவிட்டது. முதலாளி மாறுவார், வண்டி மாறும், போடிமெட்டு வளைவுகள் மட்டும் அப்படியே இருக்கும். சொந்தமாக ஒரு ஜீப்பு வேண்டும் என்ற ஆசையை அவன் மனைவி பொன்னுமணியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்ற கூச்சம். பொன்னுமணி சிரிக்கவில்லை. பிறந்த வீட்டில் தனக்குக் கொடுத்த கிணற்றடி நிலத்தை விற்கச் சொல்லிவிட்டாள். அது எழுபத்தொன்பதாம் வருசம்.

மதுரையில் ஒரு புரோக்கர் நீல நிற ஜீப்பு ஒன்றைக் காட்டினான். மலைக்காரன் எதைப் பார்ப்பானோ அதைத்தான் உக்கிரபாண்டியும் பார்த்தான். ஆள் நிறைய ஏறினால் இரண்டாவது கியர் இழுக்குமா, இறக்கத்தில் பிரேக்கு நிற்குமா, ஸ்பிரிங் பட்டையில் விரிசல் உண்டா? புரோக்கரையும் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வரை ஓட்டிப் பார்த்தான். புரோக்கர் பாதி வழியிலேயே கண்ணை மூடிக்கொண்டான். வண்டி முக்காமல் முனகாமல் ஏறியது. வண்டிப் புத்தகத்தில் இருந்த நம்பரும் சேஸிஸ் இரும்பில் அடித்திருந்த நம்பரும் ஒன்றாகவே இருந்தன. அதற்குமேல் அந்த இரும்பைத் தடவிப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. மலை ஏறுகிற வண்டி நல்ல வண்டி என்பது எங்கள் பக்கத்து டிரைவர்களின் வேதம். திருடிய வண்டியும் மலை ஏறும் என்பதை யாரும் யோசித்ததில்லை.

கொஞ்ச காலம் அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை. விடியும்போதே கிளம்பி, ஆட்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் கூட்டிவருவான். ராசிங்காபுரம் ஆட்களெல்லாம் அவன் வண்டிக்குத்தான் காத்திருந்தார்கள். பொன்னுமணி ஒருநாள் முன்சீட்டில் உட்கார்ந்து போடிச் சந்தைக்குப் போய்வந்தாள். வழியெல்லாம் யாராவது பார்க்கிறார்களா என்றுதான் அவள் பார்த்துக்கொண்டு வந்தாள்.

தேவாரத்து ஜீப்பு ஒன்று அச்சு முறிந்து நின்ற அன்றைக்கு அந்த ஊர் ஆட்களையும் இவன் ஏற்றவேண்டி வந்தது. அவர்களில் ஒருத்தி மொக்கம்மாள். ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற கை. வாயில் எப்போதும் வெற்றிலை. ஏறியதும் மற்றவர்களை ஒதுக்கிவிட்டுப் பின்மூலையில் போய் உட்கார்ந்தாள்.

மலைக்குப் போகிற பெண்கள் வெற்றிலைக்குத் தடவியது போக விரலில் மிஞ்சும் சுண்ணாம்பைச் சேலையில் துடைக்க மாட்டார்கள். உட்கார்ந்திருக்கும் பலகைக்கு அடியில் தடவிவிடுவார்கள். எந்தக் கூலி ஜீப்பின் பலகையைத் திருப்பினாலும் அடியில் வெள்ளை படை படையாக இருக்கும். மொக்கம்மாளின் விரலும் பழக்கத்தில் பலகைக்கு அடியில் போனது. அங்கே மரக்கணு உதிர்ந்து விழுந்த ஒரு ஓட்டை. அதில் காய்ந்த சுண்ணாம்பு அடைத்திருந்தது. அவள் விரல் அப்படியே நின்றுவிட்டது. தோட்டம் போய்ச் சேரும்வரை வெற்றிலையை மெல்லாமல் கன்னத்திலேயே ஒதுக்கி வைத்திருந்தாள். உடன்வந்தவர்கள் அவளுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றே நினைத்தார்கள்.

எல்லாரும் இறங்கிப் போனபின் உக்கிரபாண்டியின் அருகில் வந்தாள்.

"அப்பு, இது கோட்டைச்சாமி வண்டி. இந்த ஓட்டையில வருசக்கணக்கா சுண்ணாம்பு அடச்சவ நான்தேன். பெயிண்ட மாத்தலாம். என் வெரலு மறக்குமா?"

தேவாரத்துக் கோட்டைச்சாமியின் ஜீப்பு வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போன கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்த மனுசன் அதன்பிறகு போடியில் ஏலக்காய் மூட்டை தூக்கிப் பிழைத்தான்.

மொக்கம்மாள் போனதும் உக்கிரபாண்டி வண்டிக்கு அடியில் படுத்தான். துணியில் மண்ணெண்ணெய் நனைத்துச் சேஸிஸ் நம்பர் இருந்த இடத்தை அழுத்தித் துடைத்தான். கறுப்புத் தார்ப் பூச்சு கரைந்ததும் இரும்பு பல்லைக் காட்டியது. நம்பர் இருந்த இடம் மட்டும் அரம் போட்டுத் தேய்த்ததுபோல் பள்ளமாக இருந்தது. புதிதாகக் குத்திய எண்களில் இரண்டு வரிசை தப்பி நின்றன. எங்கோ செத்துப்போன ஒரு ஜீப்பின் நம்பரையும் புத்தகத்தையும் இதற்கு மாட்டிவிட்டிருக்கிறான் அந்தப் புரோக்கர்ப் பாவி. உக்கிரபாண்டிக்கு வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வரவே மனமில்லை. வந்தால் இது அவன் வண்டி இல்லை. போலீசுக்குப் போனால் வண்டியும் போகும், திருடன் என்ற பெயரும் வரலாம். நிலம் ஏற்கெனவே போய்விட்டது.

மறுநாள் அவன் மலைக்குப் போகவில்லை. மத்தியானம் கொல்லைப்பக்கம் பலகையைக் கழற்றிப் போட்டு, அரிவாளால் சுண்ணாம்பைச் சுரண்ட ஆரம்பித்தான். முதலில் அந்தக் கணு ஓட்டையைத்தான் சுரண்டினான். உள்ளங்கை அகலத்துக்கு மரம் வெளுத்துத் தெரிந்தபோது பொன்னுமணி வந்து நின்றாள். என்ன செய்கிறான் என்று கேட்டாள். அவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் குனிந்து, சுரண்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். தன் நிலத்தைப் பற்றி அவள் நினைத்திருப்பாள், நினைக்காமல் எப்படி? கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"நெலம் போனது போனதுதேன். வளைவுல போலீசப் பாக்குறப்பல்லாம் ஒங்களுக்குக் கை நடுங்குச்சுன்னா, பின்னால உக்காந்திருக்கவக கதி என்ன ஆகும்? வெரசா மாட்டிட்டுக் கெளம்புங்க."

அவன் அரிவாளைக் கீழே போட்டான். பலகையை மாட்டிக்கொண்டு தேவாரத்துக்கு ஓட்டினான். அவன் வாழ்க்கையில் ஓட்டியதிலேயே கஷ்டமான பாதை அந்தச் சமதரைதான்.

கோட்டைச்சாமி வெளியே வந்து இவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நேரே போய்ப் பானெட்டைத் திறந்தான். எப்போதோ தன் கையால் முறுக்கிக் கட்டிய கம்பி ஒன்று இன்னும் அங்கே இருந்தது. அதைத் தொட்டுக்கொண்டே வெகுநேரம் குனிந்து நின்றான். நிமிர்ந்தபோது யாரிடம் வாங்கினாய் என்று கேட்டான். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டான். உக்கிரபாண்டிக்கு அந்த இரண்டாவது கேள்வியில்தான் அழுகை வந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் இவனைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். கோட்டைச்சாமி நாள் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். களவாண்டவன் எவனாவது வண்டியைப் பறிகொடுத்தவன் வாசலிலேயே கொண்டாந்து நிறுத்துவானா என்று ஏட்டையாவிடம் அவன் கேட்டான். புரோக்கரைத் தேடி மதுரைக்குப் போனவர்கள் பூட்டிய கொட்டகையைப் பார்த்துவிட்டு வந்தார்கள். வண்டி ஸ்டேஷன் வாசலில் ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்தது. உக்கிரபாண்டி மறுபடி அடுத்தவன் வண்டியை ஓட்டப் போனான். கோர்ட்டில் ஜீப்பைக் கோட்டைச்சாமியிடம் ஒப்படைத்தார்கள் என்று கேள்விப்பட்டபோது நல்லது என்று சொன்னான். அன்றைக்கு ராத்திரி அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

சில நாள் கழித்து அவன் வீட்டு வாசலில் அந்த நீல ஜீப்பு வந்து நின்றது. இறங்கிய கோட்டைச்சாமி வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தான். தேவாரத்திலிருந்து ஓட்டி வந்ததற்கே முகம் வேர்த்திருந்தது. மூட்டை தூக்கித் தூக்கித் தோள்பட்டை போய்விட்டது என்றான். வளைவில் அவனால் ஸ்டியரிங்கை ஒடிக்க முடியாது.

"எங்கிட்ட வண்டி இருக்கு மாப்ளே, தோளு இல்ல. ஒங்கிட்ட தோளு இருக்கு, வண்டி இல்ல. வர்றதுல பாதி நீ எடுத்துக்க, பாதி எனக்குக் குடு. விக்கிறதுன்னா ரெண்டு பேரும் சேந்து விப்போம்."

உக்கிரபாண்டி பொன்னுமணியைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே காப்பிக்கு அடுப்பைப் பற்ற வைத்துவிட்டாள்.

மறுவாரமே ஜீப்பு மலைக்குக் கிளம்பியது. முதலில் தேவாரத்துக்குப் போய் ஆட்களை ஏற்றினான். மொக்கம்மாள் பின்மூலையில் தன் இடத்தில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்தாள். உக்கிரபாண்டி வண்டியைக் கிளப்பாமல் கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் விரல் பலகைக்கு அடியில் போனது. தேடியது. நின்றது.

"இந்த எடத்த யாரோ சொரண்டிப்புட்டாகளே அப்பு."

வண்டியில் இத்தனை பேர் இருக்கிறார்கள். தெரியாது என்று சொல்லிவிடலாம்.

"நான்தேன் ஆத்தா சொரண்டுனேன்" என்றான்.

மொக்கம்மாள் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தாள். பிறகு டப்பாவைத் திறந்து, விரல் நிறையச் சுண்ணாம்பு எடுத்தாள்.

"விடு, அடச்சுக்கிருவோம். நீ வண்டிய எடு."

அவன் கியரைப் போட்டான்.