கணக்கில் சேராத நாற்பத்திரண்டு

“வாயில ஒரு ரூவாக் காசப் போட்டு அதக்கிக்கிட்டு இருக்கிற மாதிரியே இருக்குதுடி.”

காலையில் பல் விளக்கியதும் இருசம்மாள் இதைச் சொல்வாள். மத்தியானம் சோற்றில் மீன் குழம்பை ஊற்றும்போது சொல்வாள். படுக்கப் போகும்போதும் சொல்வாள். கடலூர் முதுநகரில் அவள் தெருவுக்கே இது மனப்பாடம். மகள் சத்யப்பிரியா மட்டும் காதில் போட்டுக்கொண்டதில்லை. “துப்பிட்டு வேலயப் பாரும்மா” என்பாள்.

அந்த மகள் தினமும் ரயிலேறிச் சிதம்பரம் போய் ஆராய்ச்சி செய்கிறவள். ஈயம் உடம்புக்குள் போனால் எங்கே சுற்றுகிறது, எங்கே தங்குகிறது, எப்போது வெளியேறுகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவாள். திரையில் ரத்தம் ஒரு கட்டம், சிறுநீரகம் ஒரு கட்டம், எலும்பு ஒரு கட்டம். நடுவே அம்புக்குறிகள்.

ஒருநாள் இருசம்மாள் எட்டிப் பார்த்தாள். “என்னாடி இது, நீ போற ரயில் ரூட்டா?”

“அப்டித்தான் வச்சிக்கயேன். ரத்தத்துல ஏறுன ஈயம் ஒரு மாசம் சுத்தும். எலும்புல எறங்கிடுச்சின்னா இருவது வருஷம் அசையாது.”

“டிக்கெட்டு எடுக்காம வந்துட்டு அவ்ளோ நாளு குந்திக்கினு இருக்குமா? உங்கப்பன் மாதிரியே இருக்குது.”

ஓரத்தில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அப்பா சாமிக்கண்ணு வலையைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

கணக்கு சரியா என்று பார்க்க நிஜ ரத்தம் வேண்டும். பேட்டரிக் கடைகளில் வேலை செய்யும் முப்பது பேரிடம் எடுத்தாள். ஒப்பிட்டுப் பார்க்க ஈயத்தையே தொடாத முப்பது பேரும் வேண்டுமே, அதற்குத் தன் தெருப் பெண்களைப் பிடித்தாள். பதினேழாவது ஆளாக அம்மா கையை நீட்டினாள். ‘தொழில்’ என்ற இடத்தில் மகள் யோசிக்காமல் ‘இல்லத்தரசி’ என்று எழுதினாள்.

மற்ற பெண்களுக்கு நூறு மில்லி ரத்தத்தில் ஈயம் நாலு, ஐந்து மைக்ரோகிராம் என்று வந்தது. பதினேழாம் நம்பருக்கு நாற்பத்திரண்டு. பேட்டரிக் கடை ஆட்கள் பலருக்கே அவ்வளவு இல்லை. குழாயில் ஏதோ அழுக்குப் பட்டிருக்கும் என்று சத்யப்பிரியா அந்த வரியை அடித்துவிட்டாள். இன்னொரு தடவை ஊசி குத்திப் பார்த்திருக்கலாம். அஞ்சு நிமிஷ வேலை.

இரண்டு வருடம் கழித்து, இட்லிச் சட்டி மூடியைத் தூக்கப் போன இருசம்மாளின் வலது மணிக்கட்டு தொங்கிப் போனது. நிமிர்த்தி வைத்தாலும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், “என்ன வேலை பாக்குறாங்க?” என்று கேட்டார்.

“வீட்லதான் இருக்காங்க டாக்டர்” என்றாள் மகள்.

“சும்மாவா இருக்கேன்?” இருசம்மாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “இருவத்திரண்டு வருஷமா வலை தண்ணில முங்குறதுக்கு ஈயக்குண்டு எவ ஊத்துறது? பழைய பேட்டரித் தகட்ட ஒடச்சி, சோறு எறக்குன அடுப்புலயே காச்சுறேன். அச்சுல ஊத்தி, கயித்துல கோத்து, பல்லால கடிச்சி இறுக்குறேன். இவ படிச்ச படிப்பே அந்தக் குண்டுலதான் டாக்டரு.”

வாயில் காசு ருசி, தொங்கிப் போன கை, இரண்டும் ஈயத்தின் வேலைதான். அம்மா குண்டு ஊற்றுவது சத்யப்பிரியாவுக்குத் தெரியாததில்லை. சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். ஆனால் சோற்றுக்கும் குழம்புக்கும் நடுவே அம்மா செய்தது எதுவும் அவளுக்கு வேலையாகவே படவில்லை. ஈயத்தைத் தேடி எத்தனையோ பேட்டரிக் கடை ஏறி இறங்கியவள், தன் வீட்டு அடுப்பை எட்டிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஈயம் காய்ச்சிய வருடங்களைக் கம்ப்யூட்டரில் போட்டாள். ரத்தம் எடுத்த நாள்வரை இருபது வருடம். நாற்பத்தொன்று என்று வந்தது. அடித்துப் போட்ட எண்ணுக்கு ஒன்றுதான் குறைவு. கணக்கு சரியாக வந்ததே என்று உட்கார்ந்து அழுதாள்.

“ஏண்டி அழுவுற? பாஸா, பெயிலா?”

“பாஸுதாம்மா.”

“அப்பறம் என்னா கேடு?”

அடுப்பில் ஈயம் காய்ச்சுவது அன்றோடு நின்றது. மருந்து கொடுத்து ரத்தத்தில் இருந்ததைக் குறைத்தார்கள். எலும்பில் இறங்கியது லேசில் வராது, வருடக்கணக்கில் சொட்டுச் சொட்டாகக் கசியும். அதை மகளை விட நன்றாக யார் சொல்ல முடியும்? கை பாதிதான் நிமிர்கிறது. காசு ருசி போகவில்லை. இப்போதெல்லாம் அம்மா அதைச் சொன்னால் சத்யப்பிரியா பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறாள். கேட்டு என்ன, அந்த இரண்டு வருடம் போனது போனதுதான்.

முதுநகர் பக்கம் போனால் இருசம்மாளைப் போய்ப் பாருங்கள். வலை காயப் போடும் சந்தில் கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். ஆப்பிள், ஹார்லிக்ஸ் ஒன்றும் வேண்டாம், அவளுக்கு எதுவும் ருசிக்காது. என்ன வேலை செய்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை எழுந்து வராதீர்கள்.