தலைக்கு வாங்கி வாய்க்குப் போன எண்ணெய்

போன மாதம் ஒரு சனிக்கிழமை உடுப்பிட்டிக்கு, என் அக்கா வீட்டுக்குப் போனேன். டெங்கு வந்து போனபின் அவருக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டிவிட்டது. தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு வெளியே இறங்காமல் இருந்தார். என் மகனின் கல்யாணத்துக்கும் வரமாட்டேன் என்று போனில் சொல்லிவிட்டார். அக்கா இல்லாமல் மாப்பிள்ளையின் தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்து வாழ்த்தும் பாலறுகுச் சடங்கா? எனக்குத் தூக்கமே போய்விட்டது. மொரோக்கோ போனபோது அக்காவின் தலைமுடிக்காகவே ஆர்கன் எண்ணெய் ஒரு போத்தல் வாங்கி வந்திருந்தேன்.

கொழும்பில் காலை 5.45க்கு ரயில்; 12.45க்குச் சுன்னாகம். அங்கிருந்து உடுப்பிட்டி பதினெட்டு கிலோமீற்றர் மட்டில், ஆட்டோவுக்கு 2,200 ரூபா. பேரம் பேசினேன், பலிக்கவில்லை.

“அண்ணை, பிள்ளை மாதிரி மடியிலை வைச்சிருக்கிறியள். என்ன மருந்தே?” என்றார் ஓட்டுநர்.

தென்மேற்கு மொரோக்கோவின் வறண்ட நிலத்தில் வளரும் முள்மரம் ஆர்கன். அங்குள்ள பெர்பர் இனப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அதன் கொட்டையைக் கல்லால் உடைத்து, பருப்பை அரைத்துப் பிசைந்து எண்ணெய் எடுக்கிறார்கள். தோலுக்கும் முடிக்கும் பூசுவார்கள், ரொட்டிக்கும் தொட்டுக்கொள்வார்கள். பழம் தின்ன ஆடுகள் மரத்திலேயே ஏறி நிற்கும். இவ்வளவும் சொன்னேன்.

“எங்கடை ஆடும் மரமேறப் பழகினால் முருங்கையை மறக்கவேண்டியதுதான்,” என்றார் அவர்.

அக்கா போத்தலைத் திறந்து முகர்ந்தார்.

“தம்பி, இது வறுத்த மணம் அல்லோ? எள்ளை வறுத்துப்போட்டே செக்குக்குக் குடுக்கிறனாங்கள்? இது தலைக்கில்லை, வாய்க்கு.”

கண்ணாடியை மாட்டி லேபிளைப் படித்தேன். சமையலுக்கு என்றுதான் போட்டிருந்தது. அசடு வழிய நின்றேன்.

சிரிக்கத் தொடங்கிய அக்கா நிறுத்தவில்லை. சுடச்சுடப் புட்டில் இரண்டு கரண்டி விட்டுப் பிசைந்து எனக்கும் தந்தார். வறுத்த கச்சான் கடலை வாசம், நல்ல ருசி. குசினி அடுப்பு வெக்கையில் தலைத்துணி நழுவி விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

“கலியாணத்துக்கு நான் வாறன். உன்னை நம்பிவிட்டால் பாலுக்குப் பதிலா என்னத்தை வைப்பியோ தெரியாது.”

வாங்குபவர்கள் கவனிக்க: வறுத்த பருப்பின் எண்ணெய் நிறம் கூடியது, மணக்கும், சாப்பிட. வறுக்காதது வெளிறியது, மணம் குறைவு, தோலுக்கும் தலைக்கும். வறண்ட முடி மிருதுவாகும். கொட்டியது முளைக்கும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

கல்யாணம் முடிந்துவிட்டது. குட்டை முடியில் மல்லிகைச் சரத்தை ஊசியால் குத்திக்கொண்டு வந்து, முதல் ஆளாக அக்காவே பாலறுகு வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த முறையும் வறுத்ததையே வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.